நானா கடை: கொப்பிச் சாமானைக் கொப்பி என்று சொல்லி விற்கிற இடம்

முதலில் வழி சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பெயரை வைத்துத் தேடிப் பிடிக்க முடியாது. கொழும்புக் கோட்டை ரயில் நிலையத்தில் இறங்கிப் புறக்கோட்டைப் பக்கம் நடந்தால் முதலாம் குறுக்குத் தெரு. இரண்டு பக்கமும் டோர்ச் லைட், சார்ஜர், ஸ்பீக்கர், சிசிடிவி கமரா என்று கடைகள் ஒன்றின் தோளில் ஒன்று சாய்ந்து நிற்கும். சிவப்பும் வெள்ளையுமாகக் கோடு போட்ட பள்ளிவாசல் கண்ணில் பட்டால் இரண்டாம் குறுக்குத் தெருவுக்குப் போய்விட்டீர்கள், திரும்பி வாருங்கள். நான் சொல்கிற கடையின் பலகையில் இன்றைக்கும் "குடை திருத்தப்படும்" என்றுதான் இருக்கிறது. நானாவின் வாப்பா குடை திருத்தியவர். மகன் ரேடியோ திருத்தத் தொடங்கி, ரேடியோவைத் தூக்கிக்கொண்டு யாரும் வராமல் போன பிறகு இலத்திரனியல் உதிரிப்பாகம் விற்கிறார். பலகையை மாற்ற மனம் வரவில்லையா, அல்லது அதற்குச் சல்லி செலவழிக்க மனம் வரவில்லையா என்று கேட்டால் சிரிப்பார். தமிழ்ப் பிள்ளைகளுக்கும் சிங்களப் பிள்ளைகளுக்கும் அவர் நானாதான், முஸ்லிம்கள் அண்ணனைக் கூப்பிடுகிற பெயர். வேறு பெயர் எனக்குத் தெரியாது.

கடை எட்டடி அகலம் இருந்தால் அதிகம். சுவர் முழுக்கப் பிளாஸ்டிக் இழுப்பறைகள், அவை போதாமல் கழுவிக் காயவைத்த யோகட் கோப்பைகள். கோப்பைக்கு ஒரு மதிப்பு ரெசிஸ்டர், வெளியே பேனாவால் எழுதிய எண். மேசையின் வலது மூலையில் ஒரு பிரெட்போர்டை (சொல்டர் பண்ணாமல் சாமானைச் செருகிப் பார்க்கிற துளைப் பலகை) ஆணி அடித்து இறுக்கியிருக்கிறார். பக்கத்தில் ஒரு மல்டிமீற்றர், ஐந்து வோல்ட் சப்ளை, ஆர்டுயினோ என்கிற சின்னக் கட்டுப்பாட்டுப் பலகை ஒன்று, தீப்பெட்டி அளவில் ஒரு திரை. நான் இந்தக் கடையைப் பற்றி எழுத உட்கார்ந்ததே அந்த மூலைக்காகத்தான். நீங்கள் வாங்கும் பொருளை அங்கே செருகிக் காட்டிவிட்டுத்தான் காசு வாங்குவார்.

நான் ஒரு தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவி. (பெயர் வேண்டாம், நிதிக் கிளை இன்னும் என்னைத் தேடிக்கொண்டிருக்கிறது. காரணம் பின்னால் வரும்.) என் வேலை, சொன்னால் மிகவும் சின்னது: கால்வாயில் தண்ணீர் எவ்வளவு உயர்ந்திருக்கிறது என்று மலிவாக அளக்க முடியுமா? வெள்ளவத்தையில் வளர்ந்தவளுக்கு இது பாடப்புத்தகக் கேள்வி இல்லை. கிருலப்பனைப் பக்கமிருந்து வரும் தண்ணீர் வெள்ளவத்தையிலும் தெஹிவளையிலும் கடலில் விழுகிறது. கடல் பொங்கிவரும் நேரத்தில் மேலே மழையும் கொட்டினால் எங்கள் ஒழுங்கையில் செருப்பு மிதக்கும். நல்ல நீர்மட்டக் கருவிகள் உலகத்தில் இருக்கின்றன, விலையும் அதற்கேற்ற மாதிரி இருக்கிறது. ஒரு கருவியின் காசில் இருபது இடத்தில் அளக்க முடியுமா, அப்படி அளந்தால் அந்த எண்ணை நம்ப முடியுமா என்பதுதான் என் ஆய்வு. அந்த இருபதையும் செய்யத் தேவையான சாமான் எங்கே கிடைக்கும்? நானாவிடம்.

பாலத்துக்கு அடியில் ஒரு பெட்டி தொங்கும். அதிலிருந்து 40 கிலோஹேர்ட்ஸில், காதுக்குக் கேட்காத ஒரு ஒலி கீழே போய்த் தண்ணீரில் பட்டுத் திரும்பும். திரும்ப எடுத்த நேரத்தை ஒலியின் வேகத்தால் பெருக்கி இரண்டால் வகுத்தால் தூரம். கிணற்றில் கல்லைப் போட்டுச் சத்தத்துக்குக் காத்திருக்கிற அதே வேலைதான். ஆனால் ஒலியின் வேகம் காற்றின் சூட்டோடு மாறும். 20 பாகையில் வினாடிக்கு 343 மீற்றர், 35 பாகையில் 352க்கும் மேலே. மூன்று மீற்றர் தூரத்துக்கு இது எட்டு சென்ரிமீற்றர் வித்தியாசம். அதனால் பெட்டிக்குள் ஒரு வெப்பமானியும் வேண்டும். அந்த வெப்பமானியில்தான் எனக்கும் நானாவுக்கும் பழக்கம் தொடங்கியது.

டிஎஸ்18பி20 என்று ஒரு சென்சர். மூன்று கால், மிளகை விடக் கொஞ்சம் பெரிது. தண்ணீர் புகாமல் உருக்குக் குழாயில் அடைத்து நீள வயரோடு விற்பார்கள். முதல் நாள் நான் போய்ப் பத்து வேண்டும் என்றதும் அவர் கேட்டார்:

"எந்தப் பத்து மிஸ்? சொல்ற பத்தா, இல்லாட்டி உண்மையான பத்தா?"

எனக்கு விளங்கவில்லை. அவர் இரண்டு தட்டை இழுத்து வைத்தார். ஒன்றில் "கொப்பி, 380" என்று ஒட்டியிருந்தது, கொப்பி என்றால் அசலைப் பார்த்து அடித்த போலி. மற்றதில் ஒட்டுக் காகிதம் இல்லை, நாலே நாலு சென்சர்கள் மட்டும் கிடந்தன. விலை கேட்டேன், நாலு மடங்கு. கண்ணால் பார்த்தால் இரண்டும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள். இரண்டிலும் "டலஸ்" என்று எழுத்து. டலஸ் என்ற கம்பனியை 2001 இல் மக்சிம் வாங்கி, மக்சிமை 2021 இல் அனலொக் டிவைசஸ் வாங்கி, தாத்தா பெயர் மட்டும் சில்லின் நெற்றியில் அப்படியே இருக்கிறது. கொப்பி அடிப்பவனும் அதே தாத்தா பெயரைத்தான் எழுதுகிறான்.

நானா ஒன்றை எடுத்துப் பிரெட்போர்டில் செருகினார். திரையில் எட்டுச் சோடி எண்கள் வந்தன. இந்தச் சென்சர் ஒவ்வொன்றுக்கும் பிறக்கும்போதே ஒரு அடையாள எண் உண்டு, எங்கள் தேசிய அடையாள அட்டை மாதிரி. எல்லாம் 28 என்று தொடங்கும். அசலில் ஆறாவது சோடியும் ஏழாவது சோடியும் பூச்சியம் பூச்சியமாக இருக்கும். முதல் தட்டில் இருந்ததில் அந்த இடத்தில் வேறு ஏதோ எண்கள். இரண்டாவது தட்டில் இருந்ததைச் செருகினார், 00 00 என்று வந்தது.

"பாத்தீங்களா? இது கொப்பி, ஆனா வேல செய்யும். அது ஒரிஜினல், அதுவும் வேல செய்யும். உங்களுக்கு எதுக்கு வேணும் எண்டு சொல்லுங்க, அப்புறம் எது வேணும் எண்டு நான் சொல்றேன்."

எத்தனையோ கடையில் சாமான் வாங்கியிருக்கிறேன். "ஒரிஜினல் மிஸ், ஒரிஜினல்" என்று சத்தியம் செய்தவர்களிடமும் வாங்கியிருக்கிறேன். எனக்கு எதுக்கு வேண்டும் என்று யாரும் கேட்டதில்லை. எட்டுக் கொப்பியும் இரண்டு அசலும் வாங்கினேன். அசல் இரண்டும் அளவுகோல், மற்ற எட்டையும் அதோடு ஒப்பிட்டுத் திருத்திக்கொள்ளலாம் என்பது அவர் யோசனை. ஆய்வுகூடத்தில் எட்டு மாதம் இருந்த எனக்கு அது தோன்றவில்லை.

அன்று பின்னேரம் வெள்ளவத்தைச் சந்தையில் மீன்காரரிடம் ஒரு பை ஐஸ் வாங்கி, இடித்துத் தண்ணீர் ஊற்றிப் பத்தையும் ஒன்றாகக் கட்டி முக்கினேன். ஐஸும் தண்ணீரும் கலந்து நின்றால் பூச்சியம் பாகை, அதற்கு ஒரு சான்றிதழும் வேண்டாம். அசல் இரண்டும் உற்பத்தியாளர் சொன்ன அரைப் பாகைக்குள் நின்றன. கொப்பியில் ஆறு நல்ல பிள்ளைகள். ஒன்று ஒரு பாகைக்கு மேல் தள்ளிக் காட்டியது. ஒன்று வாயே திறக்கவில்லை. அம்மா வந்து பார்த்துவிட்டு, "மீன் எங்க?" என்று கேட்டா.

வாய் திறக்காததைத் திருப்பிக் கொண்டு போனேன். நானா பலகையில் செருகிப் பார்த்தார், மாற்றித் தந்தார். தள்ளிக் காட்டியதை மாற்றவில்லை. "அது பொய் சொல்லல்ல, ஒரே அளவுல தள்ளித்தானே சொல்லுது? கழிச்சுக்கங்க." எனக்குக் கோபம் வந்தது. வீட்டுக்குப் போய்ப் பார்த்தால் வெந்நீரிலும் அதே அளவுதான் தள்ளியிருந்தது. கழித்துக்கொண்டேன்.

சிலர் கேட்பார்கள், பல்கலைக்கழகம் வாங்கித் தராதா என்று. தரும். மூன்று விலைமனு வேண்டும். ஆயிரத்துச் சொச்ச ரூபாய்ச் சாமானுக்கு விலைமனு தரக் கடைக்காரனுக்கு என்ன பைத்தியமா? மூன்றாவதைப் பிடிப்பதற்குள் முதலாவதின் திகதி காலாவதியாகிவிடும். வெளிநாட்டு விநியோகஸ்தரிடம் எடுத்தால் அசல்தான் வரும், சந்தேகமில்லை, ஆனால் அனுப்பும் செலவில் நானாவிடம் முழுப் பெட்டியையும் செய்து முடித்துவிடலாம். அதனால் ஆய்வுகூடத்தில் இருக்கிற எல்லோரும் சனிக்கிழமை புறக்கோட்டைக்கு வந்து சொந்தக் காசில் வாங்கிக்கொண்டு போகிறோம். கட்டுரையில் "வணிக ரீதியாகக் கிடைக்கும் சென்சர்" என்று எழுதுகிறோமே, அது இந்த யோகட் கோப்பையில் இருந்து வந்ததுதான். எந்தத் தட்டில் இருந்து வந்தது என்று எழுத வேண்டும் என்பது என் கட்சி. கொப்பி சென்சரால் ஆய்வு கெடுவதில்லை. கொப்பி என்று தெரியாமல் போட்டால் கெடும்.

இனி 85 கதை. இதற்காகத்தான் நான் நானாவுக்குக் கடன்பட்டிருக்கிறேன், கொஞ்சம் நீளமாகச் சொல்ல விடுங்கள்.

முதல் பெட்டியைப் பாலத்துக்கு அடியில் கட்டி மூன்று வாரம் ஆனது. கால் மணித்தியாலத்துக்கு ஒரு தடவை அளக்கும், மணிக்கு ஒரு தடவை சிம்800எல் என்ற சின்ன மோடம் வழியாக அனுப்பும். வரைபடம் அழகாக வந்துகொண்டிருந்தது. கடலின் ஏற்ற இறக்கம் கூட மெல்லிய அலையாகத் தெரிந்தது, அதைப் பார்த்து நான் இரவு தூங்கவில்லை. நாலாவது வாரம் வரைபடத்தில் பல் விழத் தொடங்கியது. தண்ணீர் திடீரென்று ஒரு அடி வற்றும், அடுத்த கால் மணியில் பழைய இடத்துக்கு வந்துவிடும். கால்வாய் என்ன மூச்சா விடுகிறது? மழை நாளில் ஒரு அடி குறைத்துச் சொல்கிற கருவி, கருவியே இல்லாததை விட மோசம்.

மேற்பார்வையாளர் சேர் பார்த்தார், ஒரே வார்த்தையில் முடித்தார்: "கொப்பி சென்சர்." எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. தூக்கிப் போட்டுவிட்டு அசலைப் போட்டேன். இரண்டு நாளில் அசலும் பல் விழுத்தியது.

கணக்குக்குப் போகும் முன் வருகிற எண்ணை அப்படியே எடுத்துப் பார்த்தேன். தூரத்தின் நேரம் சரியாகத்தான் இருந்தது. வெப்பநிலை மட்டும், பல் விழுந்த ஒவ்வொரு இடத்திலும், 85.00. கொழும்பு சூடுதான், ஆனாலும் 85 இல்லை. 85 பாகைக்கு ஒலியின் வேகத்தைக் கணக்குப் போட்டால் வினாடிக்கு 380 மீற்றர் பக்கம். அந்த வேகத்தால் பெருக்கினால் மூன்று மீற்றர் தூரம் மூன்றேகால் மீற்றருக்கும் கொஞ்சம் மேலே போகும். அதாவது தண்ணீர் கிட்டத்தட்ட ஒரு அடி கீழே. பல் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துவிட்டது. 85 எங்கிருந்து வருகிறது?

சனிக்கிழமை போய் நின்றேன். அன்றுதான் அவர் முதல் தடவை என்னை "மிஸ்" என்பதை விட்டு "மகள்" என்றார்.

"85ஆ? அது பிழையில்ல மகள். அவன் நித்திரையால எழும்பின உடன சொல்ற முதல் பேச்சு அது."

மின்சாரம் வந்த கணத்தில், இன்னும் எதையும் அளக்காத நிலையில், இந்தச் சென்சரின் நினைவில் இருப்பது 85தான். அப்படித்தான் செய்திருக்கிறார்கள், உற்பத்தியாளரின் தரவுத்தாளில் எழுதியே இருக்கிறது. நான் அந்தத் தாளை அச்செடுத்து, மஞ்சள் மை பூசி, கோப்பில் போட்டு வைத்திருந்தேன். படித்ததுதான் இல்லை. அளக்கச் சொல்லிக் கேட்டதற்கும் விடையை வாங்குவதற்கும் இடையில் முக்கால் வினாடி போகும். அந்த இடைவெளியில் சென்சருக்கு மின்சாரம் ஒரு கணம் அறுந்து திரும்ப வந்திருக்கிறது. அவன் முழித்துக்கொண்டு 85 என்கிறான்.

"பற்றரியைக் காட்டுங்க."

பையில் இருந்தது. 18650 என்கிற உருளைப் பற்றரி, லாப்டொப்புக்குள் இருக்குமே, அது. ஒன்லைனில் வாங்கினேன், விற்பனையாளர் யார் என்று சொல்ல மாட்டேன். மேலே பெரிய எழுத்தில் 9900 என்று போட்டிருக்கும், மில்லிஅம்பியர் மணி. 4.8 நட்சத்திரம். நானா மேசைக்கு அடியில் கையை விட்டு ஒரு தராசை எடுத்தார், செட்டியார் தெருவில் நகைக்கடையில் வைத்திருப்பார்களே, அந்த மாதிரிக் குட்டித் தராசு. என் பற்றரியை வைத்தார். 29 கிராம். பழைய லாப்டொப் ஒன்றில் இருந்து கழற்றிய பற்றரி ஒன்றைப் பக்கத்தில் வைத்தார். 46 கிராம்.

"உள்ளுக்கு என்ன இரிக்கோ எனக்குத் தெரியா. பற்றரி குறைய இரிக்கு, அது மட்டும் தெரியும். 9900 எண்டு எழுத மை மட்டும் போதும்."

இந்த அளவு உருளைக்குள் நல்ல கம்பனிகளே வழக்கமாக அடைப்பது 3500 பக்கம்தான். 9900 என்பதே பொய் என்று மின் பொறியியல் படித்த எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். அந்த மோடம் பேசத் தொடங்கும்போது விட்டு விட்டு, கணநேரத்துக்கு, இரண்டு அம்பியர் வரை இழுக்கும். இளைத்த பற்றரியால் அதைத் தாங்க முடியாமல் வோல்ட் சரியும். கட்டுப்பாட்டுச் சில்லு எப்படியோ தாக்குப்பிடித்துக்கொள்கிறது, வயரின் மறுமுனையில் இருக்கிற வெப்பமானி தாக்குப்பிடிப்பதில்லை. மோடம் பேசுகிற நேரத்தில் மட்டும் பல் விழுந்ததற்குக் காரணம் அதுதான். குற்றவாளி கொப்பி சென்சர் இல்லை. பாவம், அது குப்பைக் கூடையில் கிடந்தது. போய்ப் பொறுக்கி எடுத்தேன்.

சோதித்த லாப்டொப் பற்றரி இரண்டு தந்தார், ஒவ்வொன்றிலும் கடதாசி டேப்பில் அவர் கையால் அளந்த எண்: 2150, 2080. ஒன்று 600 ரூபாய். மோடம் திடீரென்று இழுக்கும்போது கைகொடுக்க, அதன் காலடியில் சொல்டர் பண்ண 1000 மைக்ரோஃபரட் கபாசிற்றர் ஒன்று, 45 ரூபாய். "புரோகிராமிலயும் 85 வந்தா ஏத்துக்காதீங்க, திருப்பிக் கேளுங்க" என்றார். அவர் புரோகிராம் எழுதுகிறவர் இல்லை. அதற்குப் பிறகு பல் விழவில்லை. இந்த ஒரு பிழையைப் பற்றி மட்டும் என் ஆய்வேட்டில் ஒரு முழு அத்தியாயம் இருக்கிறது. நன்றியுரையில் "முதலாம் குறுக்குத் தெரு நானா" என்று போட்டேன், சேர் சிவப்பு மையால் சுற்றி "இது யார்?" என்று எழுதியிருக்கிறார்.

சரி, இவ்வளவு புகழ்ந்த பிறகு குறையும் சொல்ல வேண்டும், இருக்கின்றன.

வானலை விஷயத்தில் நானாவை நம்பாதீர்கள். லோரா மொடியூல் (குறைந்த மின்சாரத்தில் தூரத்துக்குத் தகவல் அனுப்புகிற வானலைச் சாமான்) இரண்டு கேட்டேன், ஒரே இழுப்பறையில் இருந்து இரண்டு எடுத்துத் தந்தார். ஒரு கிழமை தலையைப் பிய்த்துக்கொண்டேன், ஒன்றோடு ஒன்று பேச மாட்டேன் என்றன. உற்றுப் பார்த்தால் ஒன்று 433 மெகாஹேர்ட்ஸ், மற்றது 868. ஒன்று தமிழில் கூப்பிட, மற்றது வேறு ஊரில் இருந்தது. பலகையில் செருகிப் பார்க்கவும் அவரிடம் வழியில்லை. திரும்பப் போய்ச் சொன்னால், "ரெண்டும் ஒரே பச்சை தானே மகள்" என்கிறார். மாற்றித் தந்தார், ஆனால் அந்த இழுப்பறை இன்னும் பிரிக்கப்படவில்லை. வாங்கும்போது பின்பக்க எழுத்தைப் போன் கமராவால் பெரிதாக்கிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சொல்டர் பட்ட சாமானைத் திருப்பி எடுக்க மாட்டார். கண்ணுக்குத் தெரியாத ஒரு துளி பட்டிருந்தாலும் கண்ணாடியைப் போட்டுக் கண்டுபிடிப்பார். கார்ட் எடுக்க மாட்டார், காசுதான். ஒரு மின்விசிறி, அதுவும் அவர் பக்கம் திரும்பியது. வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணிக்குக் கதவைச் சாத்தினால் ஜும்மா முடிந்து சாப்பிட்டு வர இரண்டரையாகும், நான் இரண்டு தடவை வெயிலில் நின்றிருக்கிறேன். ரெசிஸ்டரை எண்ணித் தருவது கடையில் நிற்கிற பொடியன். ரெசிஸ்டரின் மதிப்பை அதன் நிறக் கோடுகள்தான் சொல்லும்; மஞ்சள், ஊதா, சிவப்பு என்று 4.7 கிலோ ஓம் கேட்டால் சில நாளில் மஞ்சள், ஊதா, செம்மஞ்சள் வரும், அது பத்து மடங்கு. யோகட் கோப்பைக்கு மூடி இல்லை என்பதால் பக்கத்துக் கோப்பைக்குப் பாய்ந்தவையும் இருக்கும். கேட்காத புத்திமதியும் இலவசமாக வரும்: கலியாணம், மூன்று வருடமாக ஒரு கால்வாயை அளப்பது, எல்லாவற்றையும் பற்றி.

கணினி, ராம், கிராபிக்ஸ் கார்ட் தேடுகிறவர்கள் இங்கே வர வேண்டாம், பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவுக்குப் போங்கள். அது வேறு உலகம்: குளிரூட்டி, கண்ணாடி, வொறன்ரி ஸ்டிக்கர். ராஸ்பெரி பை என்கிற குட்டிக் கணினி கேட்டாலும் நானாவிடம் பெரும்பாலும் இருக்காது. அவர் உலகம் விரல் நகத்தளவு சாமான்களின் உலகம்.

விலை பற்றியும் ஒரு வார்த்தை. இவர் மலிவு இல்லை. இரண்டு கடை தள்ளிப் போனால் இதே சென்சர் நாற்பது ஐம்பது ரூபாய் குறைவு. அங்கே தட்டில் ஒட்டுக் காகிதம் இல்லை, அதுதான் அந்த ஐம்பது ரூபாய். ஒரு உதாரணம்: பிஎம்இ280 என்ற சென்சர் வெப்பம், அமுக்கம், ஈரப்பதன் மூன்றையும் அளக்கும். பிஎம்பி280 ஈரப்பதன் அளக்காது, விலையும் பல மடங்கு குறைவு. சின்னதை வைத்துப் பெரியதன் பெயரில் விற்பது புறக்கோட்டையில் மட்டுமில்லை, உலகம் முழுக்க நடக்கிற வேலை. நானா லென்ஸைத் தந்து பார்க்கச் சொல்வார்: வெள்ளிப் பெட்டி சதுரமாக இருந்தால் ஈரப்பதன் உண்டு, நீள்சதுரமாக இருந்தால் இல்லை. பிறகு செருகி அதன் உள்ளெண்ணை வாசிப்பார், ஹெக்ஸில் (பதினாறை அடியாகக் கொண்ட எண்முறை) 60 வந்தால் பெரியவர், 58 வந்தால் சின்னவர். என்னோடு வந்த சிங்கள நண்பி ஏற்கெனவே வேறு கடையில் வாங்கிப் பையில் வைத்திருந்த ஐந்தையும் எடுத்துக் கொடுத்தாள். ஐந்தும் 58. அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நானா தேத்தண்ணி வரவழைத்தார். அவளுடைய ஆறு மாத ஈரப்பதன் அளவீடு அந்த மேசையில்தான் இறந்தது.

2022 ஐப் பற்றி அவர் அதிகம் பேசமாட்டார். மார்ச்சில் 200 ரூபாய்ச் சொச்சத்தில் இருந்த டொலர் மே மாதத்தில் 360 பக்கம் போய் நின்றது. சாமான் வரவில்லை, வந்ததற்கும் காலையில் ஒரு விலை, மத்தியானம் ஒரு விலை. இவரும்தான் ஏற்றினார், அதை நான் மறைக்கப் போவதில்லை. ஆனால் ஈஎஸ்பி32 என்கிற வைஃபை உள்ள கட்டுப்பாட்டுப் பலகையை ஒரு பிள்ளைக்கு ஒன்றுக்கு மேல் கொடுக்கவில்லை. மொத்தமாக எடுக்க வந்த ஒருவருக்கு "இல்லை" என்று சொல்லிவிட்டு, அவர் போனதும் இறுதி வருடப் பிள்ளைகள் இருவருக்கு அதே பெட்டியில் இருந்து எடுத்துக் கொடுத்ததை நான் பார்த்தேன். பெற்றோல் வரிசையில் ஓட்டோ நின்ற காலம், அந்தப் பிள்ளைகள் ரயிலில் மிதிபலகையில் தொங்கிக்கொண்டு வந்திருந்தார்கள்.

கடைசியாக பில். பல்கலைக்கழகத்தில் காசைத் திரும்ப எடுக்க நினைப்பவர்கள் கவனியுங்கள். நானாவிடம் பில் புத்தகம் இருக்கிறது, அது வாப்பா காலத்தது. நாலு வெப்பமானி, இரண்டு ஒலிச் சென்சர், பற்றரி எல்லாவற்றையும் அழகான கையெழுத்தில் எழுதி, கீழே சீல் குத்தித் தந்தார். நான் பார்க்காமல் கோப்பில் வைத்துக் கொடுத்துவிட்டேன். இரண்டு மாதம் கழித்து நிதிக் கிளையில் இருந்து கடிதம்: வெள்ளம் தொடர்பான ஆய்வுக்குக் குடை திருத்தும் கடையில் 9,740 ரூபாய் செலவிட்டதற்கு எழுத்து மூலம் விளக்கம் தரவும்.

கடிதத்தைக் கொண்டுபோய் நானாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டு இரண்டு தடவை வாசித்தார். பிறகு லாச்சியைத் திறந்து புதுச் சீல் ஒன்றைக் காட்டினார், "இலத்திரனியல் உதிரிப்பாகங்கள்" என்று. போன மாதமே செய்வித்தாராம். ஏன் குத்தவில்லை என்று கேட்டேன்.

"மை வாங்கல்ல மகள்."

அடுத்த முறை போகும்போது ஊதா மை ஒரு போத்தல் கொண்டுபோகிறேன். விளக்கக் கடிதத்தை இன்னும் எழுதவில்லை.